மருந்தும் நஞ்சும்

(பழைய மாணவர் ஒருவர்)

விஞ்ஞானம் மனித குலத்துக்கு ஆக்கமா, அழிவா என்னும் பொருள் பற்றி விவாதம் நிகழாத மாணவர் மன்றம் எமது நாட்டில் இல்லையென்றே கூறலாம். எமது கல்லூரி மன்றத்திலும் அவ்விவாதம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் அரங்கேறும். ஆக்கமே என்போர் மின்விளக்கையும் பெனிசிலினையும் எடுத்துக்காட்டுவர். அழிவே என்போர் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் எடுத்துக்காட்டுவர். ஈற்றில் நடுவராக அமர்ந்திருக்கும் ஆசிரியர் எழுந்து, விஞ்ஞானம் தன்னளவில் நன்றுமன்று, தீதுமன்று. அதனைக் கையாளும் மனிதனே இரண்டுக்கும் பொறுப்பாவான் எனத் தீர்ப்புரைப்பார். இரு கட்சியினரும் மகிழ்ந்து கைதட்டிக் கலைவர்.

அத்தீர்ப்பு செவிக்கினியது; எவரையும் நோகச் செய்யாதது. ஆயினும் அதனைத் துணைக்கொண்டு நடைமுறையில் ஒரு முடிவுக்கு வருதல் அரிது. புதியதொரு பொருள் வாயிலில் வந்து நிற்கின்றது. அதனால் விளையும் நன்மை கண்கூடு. அதனைத் தீய வழியிற் பயன்படுத்துவோர் சிலராவது இருப்பர் என்பதும் ஐயமற்றது. இந்நிலையில் அதனை உள்ளே அழைப்பதா, வாயிலை அடைப்பதா? கையாளுவோனே பொறுப்பு என்பது இவ்வினாவுக்கு விடையாகாது. கையாளப்போகின்றவர் எத்தகையோர் என்பது, அழைக்கும் பொழுதே ஒருவாறு தெரிந்திருக்கின்றதன்றோ? இதனைப் பொதுவாக விரித்துரைப்பதிலும் பார்க்க, எம்மவர் அனைவரும் கண்ணாற் கண்ட ஒரு பொருளை எடுத்துக்கொண்டு ஆராய்தல் தகுமெனக் கருதுகின்றோம். அப்பொருள் பீடைநாசினி. நூல்களிலும் சட்டத்திலும் அதற்கு இப்பெயர் வழங்கினும், எமது ஊர்களில் அதற்குரிய பெயர் மருந்து என்பதே. "மருந்தடித்தாயிற்றா?" என்றே கமக்காரர் ஒருவரையொருவர் வினவுவர்.

நன்மையை முதலிற் கூறுதல் முறையாகும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையிற் பரவிய மலேரியாக் காய்ச்சலுக்கு ஏறத்தாழ 80,000 பேர் இரையாயினர். சுவிற்சர்லாந்து நாட்டு இரசாயனவியலாளராகிய போல் முல்லர், டி. டி. ரி. என்னும் சேர்வையின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939இல் கண்டறிந்தார்; அதன் பொருட்டு 1948இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றார். இலங்கையில் அச்சேர்வையை வீட்டுச் சுவர்களில் தெளிக்கும் பணி 1940களின் நடுப்பகுதியில் தொடங்கிற்று. 1963ஆம் ஆண்டில் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மாத்திரமே. தெளிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தபின் அந்நோய் மீண்டெழுந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோயுற்றோர் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. அதன்பின் பல்லாண்டு உழைத்தே, 2016இல் இலங்கை மலேரியா ஒழிந்த நாடென உலக சுகாதார நிறுவனத்தின் சான்றைப் பெற்றது. வன்னிக் காடு வெட்டிக் கழனியாக்கிய எம்மவர் அங்கே நிலைபெற்றமைக்குக் குளமும் வாய்க்காலும் காரணம் என்போம். மருந்து தெளித்த கைகளும் ஒரு காரணமே.

இனி, எமது வீட்டுக் கணக்கைக் கூறுவோம். எமது தந்தையார் வலிகாமத்துச் செம்மண்ணிலே தோட்டஞ் செய்தவர். 1970ஆம் ஆண்டை அடுத்து, வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் இந்நாட்டுக்குள் வருதலை அரசு கட்டுப்படுத்திய காலத்தில், யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரரின் கையிலே பணம் தாராளமாகப் புழங்கத் தொடங்கிற்று. துலா மிதித்து நீரிறைத்த கிணறுகளில் இயந்திரங்கள் இறைத்தன. கிடுகு வேய்ந்த வீடுகள் ஓட்டு வீடுகளாயின. ஆயின் மிளகாய்க் கன்றின் இலை சுருளத் தொடங்கினால், ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான நம்பிக்கையும் அதனோடு சுருளும். அவ்வேளையில் தந்தையார் முதுகிலே தெளிகருவியைச் சுமந்து, துவாயினால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, வரம்பு வரம்பாக நடப்பார். பத்து நாள் கழித்துக் குருத்து நிமிரும். எமது விடுதிச் செலவும் புத்தகச் செலவும் அந்தக் குருத்திலிருந்தே வந்தன. ஆதலின் மருந்து வேண்டாப் பொருளென நகரத்திலிருந்து உரைப்பாரோடு எம்மால் உடன்பட இயலவில்லை.

மருந்துப் போத்தலைத் தந்தையார் கொட்டிலின் வளையிலே, சிறுவர் கைக்கெட்டாத உயரத்திற் செருகி வைப்பார். சிறுவர்க்கு எட்டாத உயரம், வளர்ந்தோர்க்கு எட்டும் உயரமே. அத்தகைய வளை ஊரிலே வீடுதோறும் இருந்தது.

எம்மோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பன் ஒருவன், பரீட்சைப் பெறுபேறு வெளிவந்த கிழமையில் எம்மைவிட்டு மறைந்தான். வீட்டிலே எழுந்த ஒரு வாய்த்தர்க்கம், அதன்மேல் ஒரு நாழிகைக் கோபம், அவ்வளவே. அவனிடம் நெடுநாள் துயரமோ, முன்யோசனையோ இருந்ததாக ஒருவரும் கண்டிலர். மறுநாட் காலையில் வைத்தியசாலைக் கட்டிலில் அவன் வைத்தியரின் கையைப் பற்றிக்கொண்டு, தன்னை எவ்வாறேனும் காப்பாற்றுமாறு இரந்தான் என்று அவனுடைய தமையனார் கூறினார். அவன் சாக விரும்பியவனல்லன். கோபம் தணிந்த பின்னர் வாழ விரும்பினான். வாழ்வதற்கு வேண்டிய கால அவகாசத்தை அந்தப் போத்தல் அவனுக்கு வழங்கவில்லை.

இஃது எமது ஊருக்கு மட்டும் நேர்ந்த துன்பமன்று. இலங்கையில் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டோரின் வீதம் 1950ஆம் ஆண்டுக்கும் 1995ஆம் ஆண்டுக்கும் இடையில் எட்டு மடங்காகப் பெருகிற்று. 1995இல் அது இலட்சம் பேருக்கு 47ஆக இருந்தது. அக்காலத்தில் உலகிலே மிக உயர்ந்த வீதங்களுள் அஃதும் ஒன்று. அவ்வாறு மாண்டோருட் பெரும்பகுதியினரின் முடிவுக்குக் காரணமானது பீடைநாசினியே. இந்நாட்டு மக்களின் மனம் அந்த நாற்பத்தைந்து ஆண்டுகளில் எட்டு மடங்கு நொய்ந்துவிட்டது என்று நம்புதல் கடினம். வாய்த்தர்க்கமும், காதற்றோல்வியும், கடனும், பரீட்சையும் முன்னரும் இருந்தனவே. முன்னர் இல்லாதது வீடுதோறும் வளையிலே இருந்த அந்தப் போத்தல்.

இவ்விடத்திலேதான் மன்றத்து நடுவரின் தீர்ப்பு மீண்டும் எழும்புகின்றது. மருந்தை ஆக்கியோரும் விற்றோரும் அத்தீர்ப்பையே தமக்கு அரணாகக் கொண்டனர். பயிருக்கென விற்ற பொருளை ஒருவர் பிறவழியிற் பயன்படுத்தினால், பழி விற்றவரைச் சேருமா? கத்தியாலே காய் நறுக்கலாம், கழுத்தையும் அறுக்கலாம். அதன் பொருட்டுக் கொல்லனைத் தண்டிப்பாருண்டோ? இவ்வாதம் வலியது போலத் தோன்றும். ஆயின் கத்திக்கும் மருந்துக்கும் ஒரு வேறுபாடுண்டு. எல்லாக் கத்தியும் ஏறத்தாழ ஒரே தன்மையன. மருந்துகளோ அத்தன்மையன அல்ல. இதனை விளக்குதற்கு, நாம் பல்லாண்டு கற்பித்த இரசாயனவியலிலிருந்து சிறிது கூறுதல் வேண்டும்.

ஜேர்மனியிலே ஜெராட் சிறேடர் என்னும் இரசாயனவியலாளர், புதிய பூச்சிநாசினிகளைத் தேடி ஆராயுங்கால், 1936இல் தபூன் என்னும் சேர்வையை ஆக்கினார். அதன் கொடுமை பூச்சியோடு நில்லாது மனிதரையும் தாக்குவதாக இருந்தமையின், அந்நாட்டு இராணுவம் அதனைப் போர்க்கருவியாக எடுத்துக்கொண்டது. நரம்புவாயுக்களில் முதலாவது அதுவே. பின்னர் அவரே பரத்தியன் என்னும் பூச்சிநாசினியையும் ஆக்கினார். அது உலகெங்கும் வயல்களிலே தெளிக்கப்பட்டது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் செய்தி தன் வேலை முடிந்ததும் துடைக்கப்படுதல் வேண்டும். துடைக்கின்ற நொதியத்தைக் கட்டிப்போடுவதே இக்குடும்பத்தின் தொழில். பூச்சியின் நரம்பும் எமது நரம்பும் இவ்வகையில் ஒன்றே. எனினும் இக்குடும்பத்துட் சில சேர்வைகள் மனிதருக்கு மிகக் கொடியன. வேறு சில, பூச்சியைக் கொல்லினும் மனிதருக்கு அத்துணைக் கொடியன அல்ல. வைத்தியர் பிழைக்கச்செய்ய இயலாத மருந்தும், பெரும்பாலும் பிழைக்கச்செய்யக்கூடிய மருந்தும் ஒரே கடையின் ஒரே தட்டில், ஏறத்தாழ ஒரே பயனை அளிப்பனவாய் அருகருகே இருந்தன. எதனை அத்தட்டில் வைப்பது என்று தீர்மானித்தவன் கோபத்தில் இருந்த இளைஞனல்லன். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இவ்விடத்தில் முழுமையாகப் பொருந்தாது. மிஞ்சிய அளவு மாத்திரமன்று, தெரிந்தெடுத்த பொருளும் குற்றத்துக்குள்ளாகும்.

இவ்வுண்மையை இலங்கையின் வைத்தியர் சிலரும் உத்தியோகத்தர் சிலரும் பலநாடுகளுக்கு முன்னரே உணர்ந்தனர். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைநாசினிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தினால் பீடைநாசினிப் பதிவாளர் என்னும் பதவி உருவாயிற்று. அப்பதிவாளரின் ஏட்டிற் பதியப்படாத மருந்து நாட்டுள் விற்கப்படலாகாது. 1984இல் பரத்தியனும் அதனையொத்த மெதைல் பரத்தியனும் விலக்கப்பட்டன. 1995இல், எஞ்சியிருந்த மிகக் கொடிய வகுப்பு மருந்துகளாகிய மோனோகுரோட்டபொஸ், மெதமிடபொஸ் என்பன நீக்கப்பட்டன. அவற்றின் இடத்தை எண்டோசல்பான் பிடித்துக்கொண்டது. அதனாலும் மரணங்கள் பெருகுவதை வைத்தியசாலைகள் எடுத்துக்காட்டவே, 1998இல் அதுவும் விலக்கப்பட்டது. 2008ஆம் ஆண்டு தொடக்கம் பரகுவாட் என்னும் களைநாசினியும், டைமெதோவேற், பென்தியன் என்னும் பூச்சிநாசினிகளும் படிப்படியாக அகற்றப்பட்டன. மருந்து என்னும் வகை முழுவதையும் ஒருவரும் விலக்கவில்லை. அவ்வகையிலிருந்து கொடியனவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கியெடுத்தனர். எடுத்தபின் வைத்தியசாலை ஏடுகளைப் பார்த்தனர். பார்த்தபின் மீண்டும் பொறுக்கினர்.

பயன் யாது? 1995இல் இலட்சத்துக்கு 47ஆக இருந்த வீதம் 2005இல் 24ஆகக் குறைந்தது. 2015ஆம் ஆண்டளவில் வீழ்ச்சி 70 சதவீதத்தை எட்டிற்று. இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காக்கப்பட்டன என ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். வேலையின்மை, மதுப்பாவனை, விவாகரத்து, போர் ஆகியவற்றின் ஏற்றத்தாழ்வுகளைக் கொண்டு இவ்வீழ்ச்சியை விளக்க இயலவில்லை. நஞ்சருந்தி வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்டோர் தொகை இவ்வீழ்ச்சிக்கேற்பக் குறையவுமில்லை. இஃது ஊன்றிக் கவனிக்கத்தக்கது. மனிதர் திருந்திவிடவில்லை, கோபமும் அவமானமும் முன்போலவே அவர்களைப் பிடித்துத் தள்ளின. ஆயின் தள்ளப்பட்டோரிற் பலர் பிழைத்தனர். அவ்வாறு பிழைத்தோருட் பெரும்பாலோர் மறுபடியும் அவ்வழியில் மாய்வதில்லை என்பது வைத்தியர் அறிந்த உண்மை.

கையாளுவோனைத் திருத்தியே இத்தீமையை நீக்கலாம் என்போர் கேட்க வேண்டிய செய்தி மற்றொன்றுண்டு. மருந்தைப் பூட்டி வைத்தால் மரணம் குறையுமென்னும் எண்ணம் இயல்பானதே. அதனைச் சோதிக்கும் பொருட்டு அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களைத் தெரிந்து, அவற்றுட் பாதிக் கிராமங்களின் வீடுகளுக்குப் பூட்டுள்ள பெட்டிகள் வழங்கப்பட்டன. 53,000இற்கு மேற்பட்ட குடும்பங்கள் அவ்வாய்விற் பங்குகொண்டன. அதன் முடிவு 2017இல் வெளியாயிற்று. பெட்டி பெற்ற கிராமங்களுக்கும் பெறாத கிராமங்களுக்குமிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் காணப்படவில்லை. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட அம்முயற்சியைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. வீட்டுக்குள் வந்துவிட்ட கொடிய பொருளுக்கு வீட்டாரையே காவல் வைத்தல் போதாது என்பதே இதனால் யாமறிவது.

விளைச்சல் என்னவாயிற்று என்று எமது தந்தையார் இருந்திருந்தால் முதலிற் கேட்டிருப்பார். கேட்கவேண்டிய கேள்வியே. கொடிய மருந்துகள் நீக்கப்பட்ட ஆண்டுகளை ஒட்டி நெல்லினதும் மரக்கறிகளினதும் விளைச்சலை ஆராய்ந்தோர், அந்நீக்கத்தினால் வீழ்ச்சி ஏற்பட்டதாகக் கண்டிலர். கமக்காரர் கடைக்குச் சென்றனர். பழைய மருந்து இல்லையென்றார்கள். புதியதை வாங்கி வந்தனர். குருத்து முன்போலவே நிமிர்ந்தது.

அவ்வாறாயின், தீங்கு செய்யக்கூடிய எதனையும் முழுமையாக விலக்குதல் இன்னும் சிறந்ததன்றோ எனச் சிலர் வினவுவர். அவ்வழியின் இயல்பையும் எம்மவர் அனுபவத்தால் அறிவர். 1990ஆம் ஆண்டு தொடக்கம் வடபகுதிக்கு எரிபொருளும், சீமெந்தும், பற்றரியும், யூரியாப் பசளையும் தடைசெய்யப்பட்டிருந்தன. போருக்குப் பயன்படக்கூடும் என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம். யூரியாவிலிருந்து வெடிபொருள் ஆக்கலாம் என்பது இரசாயனவியல் கற்றோர் மறுக்கவியலாத உண்மை. ஆயினும் அத்தடையிருந்த ஆண்டுகளிற் போர் ஓயவில்லை. வெறுங்கையோடு வரம்பில் நின்றவன் கமக்காரனே. ஜாம் போத்தலில் திரியிட்டு, சிறிதளவு மண்ணெண்ணெயில் எமது மாணவர் உயர்தரப் பரீட்சைக்குப் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். தீய கை ஒன்று தொடக்கூடும் என்பதற்காக எல்லாக் கைகளையும் கட்டினால், தீய கை வேறு வழி தேடிக்கொள்ளும். கட்டுண்டு கிடப்பது நல்ல கையே.

அண்மையில் நாடு முழுவதும் இதனைக் கண்டது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், மக்களின் உடல்நலம் முதலிய காரணங்களைக் காட்டி, இரசாயனப் பசளையையும் விவசாய இரசாயனங்களையும் இறக்குமதி செய்தல் திடீரெனத் தடைசெய்யப்பட்டது. காட்டிய காரணம் மதிப்புக்குரியதே. ஆயின் எது கொடியது, எது அத்துணைக் கொடியதன்று என்னும் பகுப்பு அத்தடையில் இல்லை. பதிலாக எதனை இடுவது என்பதற்கான ஆயத்தமும் போதியதாக இல்லை. கமக்காரர் தெருவில் இறங்கினர். நவம்பர் மாதத்தில் அத்தடை தளர்த்தப்பட்டது. எனினும் அடுத்துவந்த பெரும்போகத்தில் நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. அரிசியைப் பிறநாட்டிலிருந்து தருவிக்க நேர்ந்தது. ஒரே நாடு, ஒரே வகைப் பொருள். பகுத்துப் பகுத்து விலக்கியபோது உயிரும் விளைச்சலும் ஒருங்கே காக்கப்பட்டன. பகுக்காது விலக்கியபோது பசி வாயிலுக்கு வந்தது.

ஆகவே, நன்மை பெரிதாயிருப்பின் தீயவழிப்பட்ட பயன்பாட்டைப் பொறுத்துக்கொள்ளலாமா என்னும் வினாவுக்கு எமது விடை இது. நன்மை பெரிதென்பது மாத்திரம் ஒரு பொருளை ஏற்றற்குப் போதிய காரணமாகாது. தீமை நேரக்கூடும் என்பது மாத்திரம் அதனை விலக்குதற்கும் போதிய காரணமாகாது. ஏற்பவர், அதனாற் பெறும் இலாபத்தைத் தமது கணக்கிலும், நேரும் தீமையைப் பயன்படுத்துவோன் கணக்கிலும் எழுதுதல் அறமன்று. மனிதர் கோபப்படுவர், மறப்பர், பேராசைப்படுவர், துயரத்தில் நிலைகுலைவர். இவை எதிர்பாரா விபத்துக்களல்ல. பொருளை வரவேற்கும் நாளிலேயே எண்ணத்தக்கவை. எண்ணியபின், அதே நன்மையைக் குறைந்த தீமையோடு தரும் வேறொன்று உண்டா எனத் தேடுதல் வேண்டும். தேடி ஏற்றபின்னரும், நேரும் தீங்கை எண்ணிவர ஒருவரும், தவறெனக் கண்டால் திரும்பப்பெறும் அதிகாரமுடைய ஒருவரும் இருத்தல் வேண்டும். திரும்பப்பெற இயலாதவாறு ஒன்றை ஏற்பதே பெரும் ஆபத்து.

பாற்கடல் கடைந்த கதையை எம்மவர் சிறுபராயத்திலேயே கேட்டிருப்பர். அமுதத்தை வேண்டிக் கடைந்தோர்க்கு முதலில் எழுந்தது ஆலகாலம். அப்பொழுது அமுதமே வேண்டாமெனக் கடைதலைக் கைவிட்டாருமில்லை. நஞ்சினின்று அவரவர் தம்மைத் தாமே காத்துக்கொள்க எனக் கூறிக் கடைந்தாருமில்லை. அந்நஞ்சை ஏற்றுத் தன் மிடற்றில் நிறுத்த ஒருவன் முன்வந்தான். பின்னரே அமுதம் வந்தது. நஞ்சுக்குப் பொறுப்பேற்பார் எவர் என்னும் கேள்வியைத் தீர்த்துக்கொண்டே அமுதத்துக்குக் கைநீட்ட வேண்டும் என்பது அக்கதையின் கருத்தாக எமக்குத் தோன்றுகின்றது.

இம்மலரைப் படிக்கும் மாணவர் வளர்ந்து வருங்காலத்தில் இதே வினா வேறுவேறு உருவங்களில் அவர்கள் முன் வந்து நிற்கும். எண்ணுவதையும் எழுதுவதையும் தானே செய்யும் இயந்திர அறிவு இன்றே வாயிலைத் தட்டுகின்றது. அணுவின் கருவும் உயிரின் மரபணுவும் மனிதன் கைக்குள் வந்துவிட்டன. ஒவ்வொன்றின் வரவிலும் இரு குரல்கள் ஒலிக்கும். ஒன்று, இதன் நன்மையைப் பார், தீமைக்குக் கையாளுவோனே பொறுப்பு என்னும். மற்றது, இதன் தீமையைப் பார், வாயிலை அடை என்னும். இரண்டும் எளிய குரல்கள். இரண்டும் கைதட்டல் பெறும். இவற்றுள் எந்த வடிவம் கொடியது, எந்த வடிவம் குறைந்த கேடுடையது, தீங்கை எண்ணுவார் யார், நிறுத்தும் அதிகாரம் யார் கையில் என்று அமைதியாகக் கேட்பவனுக்கு மன்றத்திற் கைதட்டல் கிடைப்பதரிது.

எமது கல்லூரி வைத்தியரையும், பொறியியலாளரையும், விவசாயப் போதனாசிரியரையும், அலுவலகங்களிற் கோவை பார்த்து ஒப்பமிடும் உத்தியோகத்தரையும் நாட்டுக்கு அளித்து வந்துள்ளது, இனியும் அளிக்கும். அவர்களுக்கு ஒன்று கூறி முடிப்போம். ஒரு மருந்தின் பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிய ஒப்பத்துக்கு எவரும் மாலை சூட்டவில்லை. அவ்வொப்பத்தினால் உயிர்பிழைத்தோருக்கும் அது தெரியாது. அவர்களுட் சிலர் இன்று எமது தெருக்களில் சைக்கிளிற் செல்கின்றனர். சந்தையில் வெங்காயம் விற்கின்றனர். தம் பிள்ளைகளைக் காலையிற் பாடசாலை வாயிலில் இறக்கிவிட்டுத் திரும்புகின்றனர்.